ஹெக்டர் என்றொரு மெக்கானிக்

கலாவதிக்குக் கோபம் வர ஐந்து வார்த்தை போதும். "நீ பிரேக்கை ரொம்ப மிதிக்கறே, அதான்." கலிஃபோர்னியாவில் டப்ளின் என்கிற ஊருக்கு அவள் வந்து சேர்ந்த இரண்டு வருஷத்தில் இதைக் கணவன் சபரிநாதன் சொல்லியிருக்கிறான், அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் புதிதாக வந்த, கார் ஓட்டவே தெரியாத நஞ்சப்பன்கூட, தான் விமானத்திலிருந்து இறங்கிய மூன்றாம் வாரம் சொல்லிவிட்டான். கேட்டுக்கொண்டு நின்றவள் யார் என்று ஒருத்தனுக்காவது நினைப்பு வந்ததா என்றால், இல்லை.

அவள் சோமனூர்க்காரி. ஐம்பது பையன்கள் இருந்த வகுப்பில் நாலு பெண்களில் ஒருத்தியாக உட்கார்ந்து மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். கோயமுத்தூருக்கு வெளியே, பஸ்ஸுக்கும் லாரிக்கும் பிரேக் லைனிங் செய்கிற ஃபேக்டரியில் ஐந்து வருஷம் டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். மணல் மூட்டை ஏற்றிய பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்குவாள். எந்த வளைவில் லைனிங் எவ்வளவு சூடாகிறது, எந்த வளைவில் பெடல் மெத்தென்று அமுங்கத் தொடங்குகிறது என்று எழுதிக்கொண்டே வருவாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட ஃபேக்டரி கேட்டைத் தாண்டாது. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கோடு இருந்தால் சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம். கோடு இல்லாத போல்ட்டை அவள் நம்ப மாட்டாள்.

அப்படிப்பட்டவளின் பாஸ்போர்ட்டில் 1995-ல் அமெரிக்கா ஒட்டிக்கொடுத்த பெயர் டிபென்டென்ட். கணவனைச் சார்ந்தவள், வேலைக்குப் போகக் கூடாது. விசா அதிகாரி சொன்னது அவ்வளவுதான். மூளையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதை மற்றவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த மற்றவர்களுக்குத் தலைவர் ராமசுப்ரமணியன். வந்து இருபது வருஷமானவர், பக்கத்து ஊர் பிளசன்டனில் சொந்த வீட்டுக்காரர். புதிதாக வந்து இறங்குகிற தமிழன் எவனும் அவரைக் கேட்காமல் கார் வாங்க மாட்டான். அவரும் எல்லோருக்கும் ஒரே காரைத்தான் கைகாட்டுவார். ஒரே மாடல், ஒரே வெளிர் பழுப்பு நிறம், ஏனென்றால் விற்கும்போது அந்த நிறம்தான் போகுமாம். அவரிடம் இருந்ததும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்க்கிங்கில் அடுத்தவன் கார்க் கதவில் தன் சாவியை விட்டுத் திருகிக்கொண்டு நிற்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

சபரிநாதனும் அந்தக் காரைத்தான் வாங்கினான். 1997 ஜூலை லீவில் மூன்று குடும்பம் சேர்ந்து யோசெமிட்டி மலைக்குப் போனார்கள். சபரியின் காரில் அவன், கலாவதி, ஆறு வயது மகன் இனியன், ஊரிலிருந்து வந்திருந்த அவன் அப்பா அம்மா. டிக்கியில் ரைஸ் குக்கர், கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், இரண்டு நாளைக்கான புளியோதரை. திரும்பி வரும்போது, முன்னால் போன ராமசுப்ரமணியன் மேப்பைப் பார்த்துக் குறுக்கு வழி என்று பழைய ப்ரீஸ்ட் கிரேடு என்கிற மலைப்பாதையில் இறங்கினார். இரண்டு மைல் தூரம், சுவர் போன்ற இறக்கம். பாதியில் கருகல் வாசனை வந்தது. அடுத்த வளைவில் சபரியின் கால் பெடலோடு தரை வரைக்கும் போனது.

"கலா, பிரேக் பிடிக்கல!"

பின்சீட்டிலிருந்து கலாவதி கத்தினாள். "லோ கியருக்குத் தள்ளுங்க! ஒண்ணாம் கியர்! பெடலை விட்டு விட்டு மிதிங்க, அமுக்கிப் புடிக்காதீங்க!"

எஞ்சின் அலறியது, வண்டி மெல்ல அடங்கியது. கீழே சமதளத்துக்கு வந்து நின்றபோது முன்சக்கரம் இரண்டிலும் புகை. மாமியார் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். கலாவதி இறங்கிப் போய், காரில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ராமசுப்ரமணியனிடம் சொன்னாள்.

"அங்கிள், முன்னாடி டிஸ்க் சின்னது. இத்தனை லோடு ஏத்தி இறங்கறப்ப அந்தச் சூட்டை அது தாங்கல. பிரேக் ஆயில் கொதிச்சிருச்சு. இந்த மாடல் எல்லாத்துக்கும் இதே கதிதானுங்க, உங்க வண்டியும் சேத்து."

அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சபரியைப் பார்த்துச் சொன்னார். "சபரி, காருக்கு ஒண்ணும் இல்லேடா. நம்மாளுங்க எல்லாரும் பிரேக்கை ரொம்ப மிதிக்கறா, அதான். புதுசா பேட் மாத்திடு, போறும்."

சொன்னது கலாவதி, பதில் சபரிக்கு. அவர் எப்போதும் இப்படித்தான். அவள் சமைத்த குழம்பைப் பற்றிக்கூட "சபரி, வத்தக்குழம்பு பிரமாதம்டா" என்பார். அவன்தான் வெங்காயம் உரித்துத் தாளித்தான் என்பதுபோல. அன்றைக்கு அவளுக்கு வந்த எரிச்சல் வீடு வந்தும் தணியவில்லை. செத்துப் பிழைத்து வந்தவர்களிடம் ஆரஞ்சு தின்றுகொண்டே பேசுகிறாரே என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

திங்கட்கிழமை இனியனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். ரிப்பேர் புத்தகங்களை எடுத்து மேஜையில் பரப்பி அளவுகளை ஒப்பிட்டாள். மூன்றாம் நாள் கிடைத்தது. அதே கம்பெனி அதே வருஷம் செய்த ஸ்டேஷன் வேகன். சாமான் ஏற்றுகிற வண்டி என்பதால் அதற்கு முன் டிஸ்க் பெரிது, அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் பெரிது. போல்ட் ஓட்டை மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில். சக்கரம் ஓர் அங்குலம் பெரிதாக வேண்டும், அதுவும் வேகனிலேயே இருக்கிறது.

ஹேவர்டில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் யார்டு ஒன்று உண்டு. நாமே கழற்றி எடுத்துக்கொள்ளலாம். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்பானர் பையோடு கலாவதி உள்ளே போனாள். வாசலில் இருந்தவன் நீ யார், உன் புருஷன் எங்கே என்று கேட்கவில்லை. பையில் ஜாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான், வெளி ஜாக்கி கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி. இந்த நாட்டில் அவளை மனுஷியாக மதித்த முதல் ஆள் அவன்தான் என்று பிறகு அவள் சொல்வதுண்டு. வேகன் காலிப்பர் இரண்டு, சக்கரம் நாலு கிடைத்தன. டிஸ்க், பேட், ரப்பர் சீல் எல்லாம் கடையில் புதிதாக வாங்கினாள்.

வாடகை வீட்டு கராஜில் நாலு சனிக்கிழமை வேலை நடந்தது. ஷட்டரை இழுத்து மூடச் சொன்னான் சபரி. ஆகஸ்ட் வெயிலில் உள்ளே அவிந்தது. கடைசியில் ஏர் எடுக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலையும் காற்றுக் குமிழியையும் வெளியேற்ற வேண்டும். சபரி மிதித்தான். மொத்த வேலையில் அவன் பங்கு அவ்வளவுதான். பிறகு ஆளில்லாத சாலையில் வண்டியை வேகமாக ஓட்டி, மெல்ல அமுக்கி, ஓட்டி, அமுக்கி, புது பேடை டிஸ்க்கோடு பழக்கினாள். பிரேக் கல்லில் நட்டதுபோல் பிடித்தது.

செப்டம்பரில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. நஞ்சப்பன் அதற்குள் லைசென்ஸ் வாங்கி, சபரியின் காரை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து வாயைப் பிளந்தான். "என்ன சபரி, தொட்டா நிக்குது! யாருப்பா பண்ணினது?"

கலாவதி கையில் கேசரித் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். சபரி அவளைப் பார்க்காமலேயே சொன்னான். "ஹேவர்டுல ஒரு மெக்கானிக்."

"பேரு?"

"ஹெக்டர்."

வீடு திரும்பும்போது காரில் அவள் கேட்டாள். "யாருங்க அந்த ஹெக்டர்?"

"கலா, நீ டிபென்டென்ட் விசால இருக்கே. வேலை செய்யறேன்னு எவனாவது போட்டுக்குடுத்தா கிரீன் கார்டு காலி."

"சொந்த வண்டிக்கு பிரேக் மாத்தறது வேலையா? அப்ப நான் தோசை சுடறதும் வேலைதான். அதுக்கும் ஒரு ஹெக்டரைப் புடிச்சுட்டு வாங்க."

சபரி கெட்டவன் இல்லை. மனைவி காருக்கு அடியில் படுத்திருந்தாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் தன் மானம் போய்விடும் என்று நினைத்தான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஐந்து வருஷம் கையெழுத்துப் போட்டவளின் வேலையை, இல்லாத ஒருத்தனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டானே!

அதன் பிறகு ஹெக்டர் தானாக வளர்ந்தான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடுவான், போன் வைத்துக்கொள்ள மாட்டான், தெரியாதவர்கள் வண்டியைத் தொட மாட்டான். கேட்கிறவர்களுக்கெல்லாம் சபரி ஒன்றொன்றாகச் சேர்த்தான். தமிழ்க் குடும்பங்களில் ஹெக்டரைப் பற்றித் தெரியாதவர்களே இல்லை என்றாயிற்று. கலாவதியைப் பற்றித்தான் ஒருவருக்கும் தெரியாது.

1998 மே மாதம் ராமசுப்ரமணியனே வந்தார். அவர் மனைவி காமாக்ஷியின் அப்பா அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். மாதக் கடைசியில் மறுபடி யோசெமிட்டி. கிழவர்களை ஏற்றிக்கொண்டு போவதால், தன் காருக்கும் ஹெக்டர் கைவைத்தால் தேவலை என்றார். சபரிக்கு வேலை கிடைத்ததே அவர் சிபாரிசில். மறுக்க முடியுமா? தலையாட்டினான்.

காரை விட வந்தவர் சோபாவில் உட்கார்ந்து, கலாவதி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அரைமணி நேரம் சபரிக்கு பிரேக் பாடம் எடுத்தார். அன்று காலை தங்கள் காருக்கு அவள் எஞ்சின் ஆயில் மாற்றியிருந்தாள், நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை. போகும்போது ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். பாதி காலியான பிரேக் ஆயில். மூடி உடைந்திருந்ததால் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது, அப்படியே இருக்கு. ஹெக்டரை இதையே ஊத்தச் சொல்லு, சபரி. எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?"

அவர் போனதும் கலாவதி பாட்டிலை மேஜையில் வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க, இதை ஊத்துனா மொத்த வேலையும் வீண். ரெண்டு வருஷமா காத்துல இருக்கற ஈரத்தை எல்லாம் குடிச்சு வெச்சிருக்கும். சூடானா இதுவும் கொதிச்சுரும்."

"நீ புதுசே ஊத்து. நான் சமாளிச்சுக்கறேன்."

அவருக்காக அல்ல, காமாக்ஷி ஆன்ட்டிக்காகவும் அந்த இரண்டு முதியவர்களுக்காகவும் அவள் ஒப்புக்கொண்டாள். மறுபடி யார்டு, மறுபடி மூடிய ஷட்டர். கோடு இழுக்க இந்த முறை நெயில் பாலிஷ் எடுத்துக்கொண்டாள். முந்தின வருஷம் தன் காருக்கு இனியனின் பெயின்ட்டைப் பூசி, அது சூட்டில் உதிர்ந்து போயிருந்தது. போன நவராத்திரிக்கு காமாக்ஷி வெற்றிலைபாக்கோடு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நெயில் பாலிஷ் வைத்துக் கொடுத்திருந்தார். எங்கோ மொத்தமாக மலிவில் வாங்கியது. மினுமினுவென்று ஒரு கத்தரிப்பூ ஊதா, எந்தப் பெண்ணும் விரலில் வைத்துக்கொள்ளத் துணியாத நிறம். போல்ட்டுக்கு அது பசைபோல் ஒட்டியது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது சபரி, "ஹெக்டர் புதுசே ஊத்திட்டானாம் சார்," என்றான்.

யோசெமிட்டி கிளம்பும் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எல்லோரும் சபரி வீட்டு வாசலில் கூடினார்கள், ஃப்ரீவேக்குப் பக்கம் என்பதால். காமாக்ஷியின் அப்பா அம்மா ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் காரில் ஏறியாயிற்று. ராமசுப்ரமணியன் இறங்கி வந்து சபரியின் தோளில் தட்டினார்.

"உன் ஹெக்டர் கெட்டிக்காரன்தான், ஆனா ஃப்ராடுடா. நன்னா இருக்கற ஆயிலைத் தூக்கிப் போடச் சொல்றான். நான் விடுவேனா? நேத்து எல்லாத்தையும் வடிச்சுட்டு என் ஆயிலையே ஊத்திட்டேன்."

"என்னை வண்டில உக்கார வெச்சு, மிதி, விடு, மிதி, விடுன்னு உசிரை வாங்கிட்டார்," என்றார் காமாக்ஷி.

ஃபிளாஸ்க்கோடு வந்துகொண்டிருந்த கலாவதி நின்றுவிட்டாள். "அங்கிள், அந்த ஆயிலோட நீங்க போகக் கூடாது. அதுல ஈரம் ஏறியிருக்கு. திரும்பி வர்றப்ப அந்த இறக்கத்துல கொதிச்சு, பெடல் தரைக்குப் போயிரும். போன வருஷம் எங்களுக்கு ஆனதேதான் ஆகும்."

அவர் சபரியைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், போன வருஷ பயம் இன்னும் போகலை. சொல்லுடா, ஒண்ணும் ஆகாதுன்னு."

"அவர்ட்ட ஏன் சொல்றீங்க? பேசறது நான். ஹெக்டர் சொன்னா கேப்பீங்கதானே?"

"ஹெக்டர் மெக்கானிக். அவன் சொன்னா அது வேற, இல்லியா சபரி?"

கலாவதி ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்தாள். அவள் குரல் தெருவுக்கே கேட்டது. "ஹெக்டர்னு ஒருத்தனும் கிடையாது. என் வண்டியும் நான்தான் செஞ்சேன், உங்க வண்டியும் நான்தான் செஞ்சேன். இந்த கராஜுல, ஷட்டரைச் சாத்திட்டு, திருட்டு வேலை மாதிரி!"

நஞ்சப்பன் கக்கென்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சபரியைப் பார்த்தார்கள். அவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினான்.

"நம்பலையா? ஸ்டீயரிங்கை முழுசா ஒடிங்க. வீலுக்குப் பின்னாடி போல்ட் தலைய பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஊதாக் கோடு இருக்கும். முறுக்கி முடிச்ச போல்ட்டுக்குக் கோடு போடாம நான் விடறதில்லை."

"அதை நேத்தே பாத்தேன்," என்றார் ராமசுப்ரமணியன், சபரியின் முதுகைப் பார்த்து. "அது கம்பெனி மார்க்."

காமாக்ஷி கார்க் கதவைத் திறந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். புடவையை ஒதுக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து கணவனிடம் வந்தார்.

"எந்த கம்பெனி மார்க்? நம்மாத்து கொலுவுக்கு நான் வெச்சுக் குடுத்த நெயில் பாலிஷ்னா அது! இந்த அசட்டுக் கலரை எவடி போட்டுப்பான்னு நீங்கதானே கேலி பண்ணினேள்?" காரைக் கைகாட்டினார். "என் அப்பா அம்மா உள்ளே உக்காந்திருக்கா. அவ சொல்றது காதுல விழறதா இல்லியா உங்களுக்கு?"

சபரி நிமிர்ந்தான். முகம் செத்திருந்தது. "கலாதான் சார் செஞ்சா. நான் பெடல் மட்டும்தான் மிதிச்சேன்."

எட்டு மாசம் தாமதம். அதற்காக அவனை அவள் அன்றைக்கு மன்னிக்கவில்லை. கராஜ் ஷட்டரைச் சத்தத்தோடு மேலே தள்ளினாள். பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. சீல் உடைக்காத புது பிரேக் ஆயில், டியூப், ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். முதியவர்கள் இருவரையும் இறக்கி நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"நீங்க ஆயில் குறையாம ஊத்திட்டே இருங்க," என்று சபரியிடம் பாட்டிலைக் கொடுத்தாள். பிறகு ராமசுப்ரமணியனைப் பார்த்தாள். "அங்கிள், நீங்க சீட்டுல உக்காருங்க. நான் மிதின்னா மிதிக்கணும். விடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தா காத்து உள்ள போயிரும்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். தெருவில் நாலு குடும்பம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கலாவதி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தாள்.

"மிதிங்க."

மிதித்தார்.

"விடுங்க. மிதிங்க. விடுங்க."

பழைய ஆயில் தேநீர் நிறத்தில் டியூப்பில் இறங்கியது. ஒரு சக்கரம் முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறி அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கால் நோவதை அவர் முகம் காட்டியது. கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சபரி, போறுமான்னு கேளுடா."

சபரி வாயைத் திறக்கவில்லை. கலாவதியின் ஸ்பானர் நிப்பிளின் மேல் அப்படியே நின்றது. காமாக்ஷி கையைக் கட்டிக்கொண்டு கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெடலில் இருந்து காலை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் வெளியே எட்டி, கீழே படுத்திருந்தவளைப் பார்த்தார்.

"போறுமாம்மா, கலாவதி?"

"இன்னும் இல்லைங்க," என்றாள் அவள். "மிதிங்க."